‘ம்’ என்றால் ஆமாம் இல்லை
வீடு தேடிப் போகும் நர்ஸ்களுக்குக் கொஞ்சம் கான்டனீஸ்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், ஹாங்காங்கிலும் தென்சீனாவிலும் பேசுகிற சீன மொழியான கான்டனீஸ் மட்டுமே தெரிந்த ஒரு பாட்டியின் கால் புண்ணுக்கு டிரெஸ்ஸிங் செய்யப் போன கதையை நாலு வரியில் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் நர்ஸ்கள், மற்றவர்கள் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர்கள். நான் மொழி ஆசிரியை கிடையாது. பதினெட்டு வருடம் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவள், அவ்வளவுதான். என் கான்டனீஸைக் கேட்டு நோயாளிகள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். சிரிக்கட்டும், மூச்சு வாங்குகிறதா இல்லையா என்று அப்போதே தெரிந்துவிடும்.

அக்கா, அடுத்த வாரம் முதல் ஒரு கான்டனீஸ் தாத்தாவின் வீட்டுக்குப் போகவேண்டும். ஒரு வார்த்தையும் தெரியாது. கதவு திறந்ததும் என்ன சொல்வது?
— வேலையில் சேர்ந்து மூன்று மாதமான வாசகி

காலை நேரமென்றால் ‘ட்ஸோ ஸன்’. காலை வணக்கம். புத்தகங்களில் முதல் பாடமாக வரும் ‘நேய் ஹோ’ தப்பில்லை, ஆனால் கொஞ்சம் விறைப்பாக இருக்கும்.

அடுத்தது அவரை எப்படி அழைப்பது என்பது. வயதான ஆணுக்கு ‘பாக் பாக்’, வயதான பெண்ணுக்கு ‘ப்ஹோ ப்ஹோ’. குடும்பப் பெயர் தெரிந்தால் அதை முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள்: ‘வோங் பாக் பாக்’. அவர்களுக்குக் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். கேஸ் ஷீட்டில் அதைத் திருப்பிப் போட்டு வைத்திருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். ‘ஆ ப்ஹோ’ என்று யாராவது சொல்லிக் கேட்டு நீங்களும் சொல்லிவிடாதீர்கள். அது ‘ஏ கிழவி’ பக்கம் சாய்கிற சொல்.

பிறகு ‘ஙொ ஹய் வூ ஸீ’, நான் நர்ஸ். ஹாங்காங் வழக்கத்தில் நர்ஸைக் ‘கூ நெங்’ என்று அழைப்பார்கள். நேர்ப்பொருள் பார்த்தால் இளம்பெண். ஐம்பத்திரண்டு வயதில், முழங்கால் வலியோடு மாடி ஏறிப் போன என்னை ஒரு தாத்தா ‘கூ நெங்’ என்று கூப்பிட்டபோது பின்னால் யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். மலேசியாவில் வளர்ந்தவர்களானால் ‘மிஸ்ஸி’ என்பார்கள்.

வாசலில் நின்றுகொண்டே கேட்கவேண்டியது ஒன்று உண்டு: ‘ஸய் ம் ஸய் ட்ஸ்ஹொய் ஹாய் ஆ?’ செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று அர்த்தம். பெரும்பாலும் கழற்றத்தான் வேண்டும். கேட்டதற்கே முகம் மலரும். செருப்பின்மேல் உறை மாட்டுகிற பழக்கமுள்ள இடத்தில் வேலை செய்தால் அதை எடுத்துக் காட்டிவிட்டு மாட்டிக்கொள்ளுங்கள்.

நன்றி சொல்ல இரண்டு சொல் இருக்கிறது. யாராவது உங்களுக்காக ஒரு வேலை செய்தால், நாற்காலியை நகர்த்தினால், கதவைத் திறந்தால், ‘ம் கோய்’. ஒரு பொருளைக் கொடுத்தால் ‘தோ ட்ஸே’. மாற்றிச் சொன்னாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

‘வலிக்கிறதா’ என்பதற்கு ‘த்ஹுங் ம் த்ஹுங்’ என்று கற்றுக்கொண்டு கேட்டேன். ‘ம்… த்ஹுங்’ என்றார் பாட்டி. வலி இருக்கிறது என்று எழுதிவிட்டு மாத்திரையை எடுத்தால் என் கையைத் தள்ளிவிட்டார். நான் என்ன தப்பு செய்தேன்?
— குழம்பிப் போன வாசகி

நீங்கள் கேட்டதில் தப்பில்லை. அவர் சொன்னதைத் தமிழ்க் காதால் கேட்டதுதான் தப்பு.

நமக்கு ‘ம்’ என்றால் ஆமாம். கதை கேட்கும்போது கொட்டுகிற ‘ம்’, போனில் சொல்கிற ‘ம்’, எல்லாமே சம்மதம். கான்டனீஸில் வினைச்சொல்லுக்கு முன்னால் ‘ம்’ வந்தால் அது ‘இல்லை’. ‘த்ஹுங்’ என்றால் வலிக்கிறது. ‘ம் த்ஹுங்’ என்றால் வலிக்கவில்லை. ‘த்ஹுங் ம் த்ஹுங்’ என்பது வலிக்கிறது–இல்லை–வலிக்கிறது என்று அடுக்கிவைத்த கேள்வி. பாட்டி வலி இல்லை என்று தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார்.

இந்த அமைப்பு பிடிபட்டால் பாதி மொழி கைக்கு வந்த மாதிரி. முடியுமா? ‘தக் ம் தக்?’ புரிகிறதா? ‘மிங் ம் மிங்?’ பதில் சொல்கிறவர் ஆமாம், இல்லை என்று தனியாகச் சொல்வதைவிட அந்த வினையையே திருப்பிச் சொல்வதுதான் வழக்கம். வலிக்குதா என்று கேட்டால் நாமும் ‘வலிக்குது’, ‘வலிக்கல’ என்றுதானே சொல்கிறோம். அதேதான்.

ஒன்று மட்டும் விலக்கு. ‘இருக்கிறதா’ என்பதற்கு ‘யவ் மோ’. இருக்கிறது என்றால் ‘யவ்’, இல்லை என்றால் ‘மோ’. காய்ச்சல் இருக்கிறதா? ‘யவ் மோ ஃபாத் ஸியூ?’ கீழே விழுந்தீர்களா? ‘யவ் மோ தீத் ட்ஸ்ஹன்?’ இந்தக் கடைசிக் கேள்வியை எந்த வீட்டிலும் விடாதீர்கள். விழுந்ததை முதியவர்கள் தாமாகச் சொல்வதில்லை. எல்லாவற்றுக்கும் ‘மோ ஸீ, மோ ஸீ’ என்பார்கள், ஒன்றுமில்லை என்று பொருள். கை முட்டியில் நீலம் பாய்ந்திருக்கும், அப்போதும் ‘மோ ஸீ’தான்.

எல்லாக் கேள்வியின் கடைசியிலும் ஒரு ‘ஆ’ சேருங்கள். அது இல்லாவிட்டால் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும்.

நீங்கள் தமிழ் எழுத்தில் எழுதித் தருவதை அப்படியே படித்தால் போதுமா? உங்கள் ‘ப்ஹ’, ‘த்ஹ’ எல்லாம் எதற்கு?
— உச்சரிப்பில் சந்தேகம் உள்ள வாசகர்

நல்ல கேள்வி தம்பி. இதற்குப் பதிலாக அந்தப் பாட்டி கதையை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

சர்க்கரை நோயால் வந்த கால் புண். வாரத்துக்கு மூன்று முறை டிரெஸ்ஸிங். பஞ்சை எடுக்கும்போதெல்லாம் நான் வலிக்கிறதா என்று கேட்பேன், அவர் ‘ம் துங், ம் துங்’ என்பார். வலி இல்லை என்று எழுதிவைத்தேன். ஒரு வாரம் ஓடியது. ஒவ்வொரு முறையும் நான் கேட்டதும் அவர் ஜன்னலைப் பார்ப்பார். மூன்றாவது தடவை சோபாவில் கிடந்த போர்வையை எடுத்து என் மடியில் போட்டார். அன்றைக்கு மகள் வீட்டில் இருந்தார். சிரித்துக்கொண்டே சொன்னார்: “நீங்க தினமும் குளிருதா, குளிருதான்னு கேக்கறீங்களாம். உங்களுக்குத்தான் குளிருது போல, வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படறீங்கன்னு அம்மா நினைக்கிறாங்க.”

‘த்ஹுங்’ வலி. ‘துங்’ குளிர். இரண்டுக்கும் ராகம்கூட, அதாவது பொருளையே மாற்றுகிற குரலின் ஏற்ற இறக்கம்கூட, ஒன்றுதான். வித்தியாசம் அந்த ஒரு மூச்சில் இருக்கிறது. தமிழில் அந்த மூச்சு கிடையாது, ஆகவே நம் வாய்க்கு இரண்டும் ஒன்று. போதாததற்கு, ‘ம்’முக்குப் பிறகு வரும் தகரத்தை நாம் ‘பந்து’வில் வருகிற மாதிரி இன்னும் மென்மையாக்கிவிடுவோம். ஆக, வலியைக் கேட்க வாய்ப்பே இல்லாமல் போய்விட்டது.

மகள் சொன்ன பிறகு சரியாகக் கேட்டேன். ‘த்ஹுங்’ என்றார். நன்றாகவே வலித்திருக்கிறது. மூன்று நாள் குறிப்பையும் திருத்தி, மேலே தகவல் சொல்லி, வலி மாத்திரையை டிரெஸ்ஸிங்குக்கு அரைமணி முன்பாகக் கொடுக்க ஏற்பாடு செய்தோம். அந்த மூன்று பக்கங்களை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசும்.

அதனால்தான் ‘ஹ’ போட்டு எழுதுகிறேன். ‘ப்ஹ’, ‘த்ஹ’, ‘க்ஹ’, ‘ட்ஸ்ஹ’ என்று எழுதியிருந்தால் உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துச் சொல்லிப் பாருங்கள், காற்று அடிக்கவேண்டும். ‘ப’, ‘த’, ‘க’ என்று வெறுமனே இருந்தால் ‘படம்’, ‘தலை’, ‘கடல்’ என்று சொல்லின் முதலில் நாம் சொல்கிற அதே ஒலி. இந்த இடத்தில் நமக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம், ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இந்த ‘ப’வுக்குப் படாத பாடு படுகிறார்கள்.

இன்னொரு அதிர்ஷ்டம் ‘ங’. சின்ன வயதில் ஒரு வரிசை முழுக்க எழுதிப் பழகினோம், ஒரு சொல்லிலும் முதலில் வரவில்லை. இங்கே ‘நான்’ என்பதே ‘ஙொ’. ஐந்து என்ற எண்ணுக்கு உயிரெழுத்தே கிடையாது, வெறும் ‘ங்’. இளைஞர்கள் பலர் ‘ஙொ’வை ‘ஒ’ என்றும் ‘நேய்’யை ‘லேய்’ என்றும் சொல்கிறார்கள். கேட்டால் பயப்படாதீர்கள், அதே சொல்தான்.

துரதிர்ஷ்டம் ஒன்று. சொல்லின் கடைசியில் வல்லினம் வந்தால் நமக்கு ஒரு ‘உ’ சேர்க்காமல் இருப்புக்கொள்ளாது. ‘பாத்’ என்றால் எட்டு. நாம் ‘பாத்து’ என்போம். ‘ஸிக்’ என்றால் சாப்பிடு. நாம் ‘ஸிக்கு’ என்போம். நாக்கை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் ஒட்டவைத்து, அப்படியே விட்டுவிடுங்கள். வெடிக்கக் கூடாது. தண்ணீர்க் குழாயைச் சட்டென்று மூடுகிற மாதிரி.

‘நெங்’, ‘லெங்’, ‘யெக்’ இவற்றில் எகரம் சொல்லும்போது உதட்டை விசில் அடிக்கிற மாதிரிக் குவித்துக்கொள்ளுங்கள். எழுதிக்காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஆறு ராகம் இருக்கிறதாமே? பாட்டே வராத எனக்கு இது நடக்குமா?
— சுருதி சேராத வாசகி

ஆறு உண்டு. க, த, ப என்று முடிகிற அசைகளைத் தனியாக எண்ணி ஒன்பது என்று சொல்கிற பழைய கணக்கும் இருக்கிறது, அதைக் கேட்டு மிரளவேண்டாம். 1993இல் ஹாங்காங் மொழியியல் கழகம் உருவாக்கிய ‘யூத்ப்ஹிங்’ என்ற எழுத்துமுறையில் ஒவ்வோர் அசைக்கும் பின்னால் 1 முதல் 6 வரை ஓர் எண் போடுவார்கள். 1 உயரத்தில் நேராக நிற்கும், 2 மேலே ஏறும், 3 நடுவில், 4 அடியில் இறங்கும், 5 அடியிலிருந்து கொஞ்சம் எழும், 6 தாழ்வாக நேராகப் போகும். என் நோட்டில் தமிழ் எழுத்துக்குப் பக்கத்தில் இந்த எண்ணைப் போட்டுக்கொள்வேன்.

முழு வாக்கியமாக, இடம் பார்த்துச் சொன்னால் ராகம் தவறினாலும் புரிந்துகொள்வார்கள். பிரஷர் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு ‘லெங் ஹ்யூத் ஆத்’ என்று எந்த ராகத்தில் சொன்னாலும் கையை நீட்டிவிடுவார்கள். தனிச் சொல்லாக வருகிற இடத்தில்தான் மாட்டிக்கொள்வோம். ‘த்ஹோங்’ 1 என்றால் சூப், 4 என்றால் சர்க்கரை. சர்க்கரை நோயாளியிடம் எவ்வளவு சர்க்கரை சேர்த்துக்கொள்கிறீர்கள் என்று நான் விசாரிக்க, அவர் பெருமையாக எலும்பு போட்டு மூன்று மணி நேரம் கொதிக்கவைத்த சூப்பைப் பற்றிச் சொல்ல, நான் தலையில் கைவைத்துக்கொண்டேன்.

சூப்பை விடக்கூடாது என்பது தனி விஷயம். இதயம் பலவீனமாகி, தண்ணீர் அளந்து குடிக்கவேண்டியவர்கள் ‘ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான்’ என்று சத்தியம் செய்வார்கள். உண்மைதான். சூப் அந்தக் கணக்கில் வராது, அது சாப்பாடு. தனியாகக் கேளுங்கள்: ‘யவ் மோ யம் த்ஹோங்?’ சூப் குடித்தீர்களா?

எண்களில் கவனம். ‘ஸேய்’ 3 என்றால் நான்கு, ‘ஸேய்’ 2 என்றால் சாவு. இந்த ஒற்றுமையால்தான் ஹாங்காங்கில் பல கட்டிடங்களில் 4, 14, 24 என்ற மாடிகளே கிடையாது. வலி பத்துக்கு எத்தனை என்று கேட்கும்போது வாயால் எண்ணிக் காட்டுவதைவிடப் பத்துவரை அச்சிட்ட அட்டையைக் காட்டுவது உத்தமம். அவர்கள் விரலால் காட்டினால் அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மட்டும் நீட்டினால் அது இரண்டு கிடையாது, ஆறு. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் நீட்டினால் எட்டு. வலி இரண்டு என்று எழுதிவிட்டு நிம்மதியாகக் கிளம்பி வந்த நர்ஸ் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் நான் இல்லை என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

‘சாப்பிட்டீங்களா’ என்றுதான் அவர்களும் நலம் விசாரிப்பார்களாமே? இன்சுலின் போடுவதற்கு முன்பு அதையே கேட்டால் இரண்டு வேலையும் முடிந்துவிடுமே?
— சிக்கன வாசகர்

முடியாது. இந்தச் சிக்கனம் ஆபத்து.

‘ஸிக் ட்ஸோ ஃபான் மேய் ஆ?’ சாப்பிட்டாச்சா? அழகான கேள்வி, சொன்னதும் வீட்டு மனுஷி ஆகிவிடுவீர்கள். ஆனால் அது நலம் விசாரிப்பு. ‘ஸிக் ட்ஸோ’, சாப்பிட்டாச்சு, என்று பதில் தானாக வரும். ‘எப்படி இருக்கீங்க’ என்றால் ‘நல்லா இருக்கேன்’ என்று நாம் சொல்வோமே, உடம்பு எப்படி இருந்தாலும், அதுபோல. அந்தப் பதிலை நம்பி ஊசி போட்டால், சாப்பிடாத வயிற்றில் இன்சுலின் இறங்கி சர்க்கரை தடாலென்று குறையும்.

நான் இரண்டு கேள்வி சேர்த்துக்கொள்வேன். ‘ஸிக் ட்ஸோ மத் யே?’ என்ன சாப்பிட்டீர்கள்? ‘கேய் தீம் ஸிக்?’ எத்தனை மணிக்கு? பதில் புரியாவிட்டால் சுவர்க் கடிகாரத்தைக் காட்டச் சொல்லுங்கள், கழுவாத கிண்ணம் இருக்கிறதா என்று பாருங்கள். விரலில் குத்தி சுகர் பார்த்த பிறகுதான் ஊசி, அதில் மாற்றமில்லை. ‘ஃபான்’ என்றால் சோறு, வேளைச் சாப்பாடு இரண்டுமே. கஞ்சி மட்டும் குடித்தவர், அதற்குப் பெயர் ‘ட்ஸுக்’, நான் ‘ஃபான்’ சாப்பிடவில்லை என்று சொல்லவும் கூடும்.

மாத்திரைக்கும் அவர்கள் ‘ஸிக்’ என்றே சொல்வார்கள். ‘ஸிக் யெக்’, மருந்து சாப்பிடு. விழுங்குவதற்கு வேறு வினை தேடி அலையாதீர்கள். உணவுக்கு முன் ‘ஃபான் ட்ஸ்ஹீன்’, பின் ‘ஃபான் ஹவ்’.

நேரமில்லை அக்கா. மிக அவசியமானதை மட்டும் சொல்லுங்கள்.
— இரட்டை ஷிஃப்ட் வாசகி

உயிர் சம்பந்தப்பட்டதை முதலில் மனப்பாடம் செய்யுங்கள். நெஞ்சு வலி ‘ஸம் ஹவ் த்ஹுங்’. தலைசுற்றல் ‘த்ஹவ் வன்’. மூச்சு விட முடியவில்லை ‘த்ஹவ் ம் தோ ஹேய்’. மரத்துப்போவது ‘பேய்’. இவற்றை நீங்கள் சொல்வதைவிட, அவர்கள் சொன்னால் உங்களுக்குச் சட்டென்று உறைக்கவேண்டும். யாரையாவது வேகமாகச் சொல்லச் சொல்லிப் போனில் பதிவுசெய்து, பயணத்தில் கேளுங்கள். எங்கே என்று கேட்க ‘பீன் தோ?’, இங்கே என்பதற்கு ‘நீ தோ’. விரலால் தொட்டுக் காட்டுவார்கள், அகராதி தேவைப்படாது.

பிறகு வேலைக்கானவை. மெதுவாக ‘மான் மான்’, கவனம் ‘ஸியூ ஸம்’, உட்காருங்கள் ‘ட்ஸ்ஹோ தய்’, ஒரு நிமிடம் பொறுங்கள் ‘தங் ட்ஸன்’, ஊசி போடுவது ‘தா ட்ஸம்’. ஊசியைக் கண்டு பயந்தால் ‘ம் ஸய் கெங்’, பயப்படவேண்டாம்.

முக்கியமான இன்னொன்று: ‘ஙொ ஸிக் ஸியூ ஸியூ க்வோங் துங் வா.’ எனக்குக் கொஞ்சம்தான் கான்டனீஸ் தெரியும். (இந்த ‘ஸிக்’ வேறு ராகம், ‘சாப்பிடு’ இல்லை.) இதைச் சொல்லாமல் நாலு வாக்கியத்தை அழகாக எடுத்துவிட்டால், அவர்கள் மடை திறந்த மாதிரிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் நாம் தலையாட்டுவோம். எதற்கெல்லாம் தலையாட்டினோம் என்று யாருக்கும் தெரியாது.

எல்லாம் சரியாகச் சொல்லியும் என் நோயாளிக்குப் புரியவில்லை. சீனர்தான், முதியவர்தான். ஏன்?
— மனம் உடைந்த வாசகி

சீனர் என்றால் கான்டனீஸ் என்று யார் சொன்னது? மாண்டரினாக இருக்கலாம், ஹக்காவாக இருக்கலாம். அமெரிக்கா, கனடாவுக்கு முதலில் போன சீனக் குடும்பங்களில் நிறையப் பேர் குவாங்டாங் மாகாணத்தின் த்ஹோய்ஸான் வட்டாரத்திலிருந்து போனவர்கள். அவர்கள் பேச்சு கான்டனீஸுக்கு உறவுதான், ஆனால் கேட்டவுடன் புரிகிற நெருக்கம் இல்லை. முதல் நாளே கேட்டுவிடுங்கள்: ‘நேய் கோங் ம் கோங் க்வோங் துங் வா?’ கான்டனீஸ் பேசுவீர்களா? மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும்போதும் ‘சைனீஸ்’ என்று மொட்டையாக எழுதாமல் எந்தப் பேச்சு என்று எழுதுங்கள்.

வலி என்பதற்கான சீன எழுத்தைப் பெரிதாக அச்சிட்டுப் பையில் வையுங்கள். எந்தப் பேச்சு பேசினாலும் அந்த எழுத்து ஒன்றுதான், எளிமையாக்கிய எழுத்திலும் பழைய எழுத்திலும் அது மாறவில்லை. படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் உதவும், அது வேறு.

நாற்பது வருடம் ஆங்கிலத்தில் வேலை பார்த்தவர். இப்போது மறதி நோய். ஆங்கிலத்தில் கேட்டால் கான்டனீஸில் பதில் சொல்கிறார். வீம்பா?
— பராமரிப்பாளர் ஒருவர்

வீம்பு இல்லை. மறதி நோயில் பின்னால் கற்ற மொழி முதலில் நழுவுவது நடக்கக்கூடியதே. அவர் தாய்மொழிக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறார். ‘ட்ஸோ ஸன்’ சொல்லி, பெயர் சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பியுங்கள். கேள்விகளைக் குறையுங்கள்.

மகள் நன்றாக மொழிபெயர்க்கிறார். பிறகு எதற்கு இந்தப் பாடு?
— எதார்த்த வாசகர்

தண்ணீர் கேட்க, தலையணை நகர்த்த மகள் போதும். புது மருந்து, சம்மதக் கையெழுத்து, கெட்ட செய்தி, வீட்டில் யாராவது அடிக்கிறார்களா என்ற கேள்வி, இவற்றுக்கு மகள் போதாது. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர், நேரிலோ போனிலோ, கட்டாயம் வேண்டும். என்னுடைய நூறு வாக்கியமும் அதற்கு ஈடாகாது.

ஒரு தாத்தா ஐந்து நிமிடம் பேசினார். மகன் எனக்குச் சொன்னது: “நல்லா இருக்காராம்.” எனக்கு அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு சொல் மட்டும் பிடிபட்டது, ‘தீத் ட்ஸ்ஹன்’. விழுந்தது. கேட்டேன். முந்தின இரவு குளியலறையில் விழுந்திருக்கிறார். மகன் மறைக்க நினைத்தாரா, பெரிய விஷயமில்லை என்று விட்டாரா, தெரியாது. அந்த ஒரு சொல்லுக்காகவாவது கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

புற்றுநோயை ‘ஙாம்’ என்பார்கள். பல குடும்பங்கள் அந்தச் சொல்லை நோயாளியின் காதில் விழவிட மாட்டார்கள், என்ன நோய் என்றே அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். தெரிந்த சொல்லைப் பேசிக்காட்டும் ஆசையில் நீங்கள் போட்டு உடைத்துவிடாதீர்கள். யாருக்கு எவ்வளவு தெரியும் என்று மருத்துவக் குழுவிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நோயாளி ‘யீத் ஹேய்’ என்கிறார். காய்ச்சலா? தெர்மாமீட்டரில் ஒன்றும் இல்லையே.
— தெர்மாமீட்டர் வாசகி

காய்ச்சல் ‘ஃபாத் ஸியூ’. ‘யீத் ஹேய்’ என்பது உடம்புச் சூடு. வறுத்தது, பொரித்தது தின்று வாய்ப்புண், தொண்டை வலி வந்தால் அப்படிச் சொல்வார்கள். உடம்பு சூடாகிவிட்டது என்று சொல்லி வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை. டாக்டருக்குத்தான் விளக்கவேண்டியிருக்கும்.

சூட்டைத் தணிக்க மூலிகைத் தேநீரோ நாட்டு மருந்தோ சாப்பிட்டிருப்பார்கள். ‘யவ் மோ ஸிக் ட்ஸுங் யெக்?’ சீன மருந்து சாப்பிட்டீர்களா? கண்டிக்கிற குரலில் கேட்டால் அடுத்த முறை ஒளித்துவைத்துவிடுவார்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் வீட்டில் ‘தான் ஸம்’, ‘தோங் க்வய்’ என்ற இரண்டு வேர்களின் பெயர் காதில் விழுந்தால் உடனே குறித்துக்கொண்டு டாக்டரிடம் சொல்லுங்கள். இரண்டும் ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டுபவை. ‘தோங் க்வய்’ சூப்பிலும் போடுவார்கள். மறுபடியும் சூப்!

கேஸ் ஷீட்டில் உள்ள பிறந்த தேதியும் பாட்டி சொல்வதும் ஒத்துவரவில்லை.
— கறார் வாசகர்

அவர் சந்திர நாட்காட்டித் தேதியைச் சொல்லியிருக்கலாம். வயதும் பிறந்த அன்றே ஒன்று என்று தொடங்கும் பழைய கணக்காக இருக்கலாம். அடையாள அட்டையை வாங்கிப் பாருங்கள்.

புத்தாண்டு சமயத்தில் சிவப்பு உறையில் பணம் வைத்துக் கொடுக்கிறார்கள். எங்கள் இடத்தில் வாங்கக் கூடாது. மறுத்தால் முகம் வாடிவிடுகிறது.
— தர்மசங்கட வாசகி

இதற்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: ‘ஸம் லிங்’. மனதால் பெற்றுக்கொண்டேன் என்று பொருள். இரண்டு கையாலும் அந்த உறையைத் தொட்டு, கொஞ்சம் தலை குனிந்து, ‘தோ ட்ஸே, ஸம் லிங்’ என்று சொல்லித் திருப்பி அவர் கையிலேயே வையுங்கள். கூடவே ‘ஸன் த்ஹய் கீன் ஹோங்’ என்று வாழ்த்துங்கள், உடல்நலத்தோடு இருங்கள். நர்ஸ் வாயால் வருகிற வாழ்த்துக்கு மதிப்பு அதிகம். அந்த நாட்களில் சாவு, நோய் என்ற பேச்சை முடிந்தவரை தள்ளிவையுங்கள். புண்ணைப் பற்றிப் பேசித்தான் ஆகவேண்டும், அதைச் சுருக்கமாகப் பேசுங்கள்.

கிளம்பும்போது நோயாளியின் மனைவி தினமும் ‘மான் மான் ஹாங்’ என்கிறார். மெதுவாக நட என்று அர்த்தமாம். நான் அவ்வளவு அவசரப்படுகிறேனா?
— வேகநடை வாசகி

அவசரப்படுகிறீர்களோ என்னவோ, அதை அவர் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவர்களை அனுப்பும்போது சொல்வது அது, ‘பார்த்துப் போங்க’ என்கிற மாதிரி. வாக்கர் பிடித்து நடக்கிறவரிடம் நீங்கள் சொன்னால் மட்டும் உண்மையாகவே மெதுவாக நட என்று ஆகும்.

கால் புண் பாட்டியும் இதைச் சொல்லித்தான் அனுப்புவார். புண் ஆறி, கடைசி டிரெஸ்ஸிங் முடிந்த அன்று நான் வெளியே வந்து பார்த்தால், உள்ளே பார்த்தபடி கழற்றிப் போட்டிருந்த என் செருப்பு, மாட்டிக்கொண்டு நடக்க வாகாக வாசல் பக்கம் திருப்பிவைக்கப்பட்டிருந்தது. எப்போது எழுந்து வந்து வைத்தார் என்று தெரியவில்லை. ‘மான் மான் ஹாங்’ என்றார். பிறகு என் முழங்கையைத் தொட்டு, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, “துங் ம் துங் ஆ?”